ஒலி மட்டும்

பணி நிறைவு விழாவில் மாலை போட்டார்கள், குனிந்து வாங்கிக்கொண்டேன். சால்வை போர்த்தினார்கள், வேர்த்து ஊற்றியது, பொறுத்துக்கொண்டேன். வாழ்த்து மடலில் என்னை இமயம் என்று எழுதியிருந்தார்கள். ஐந்தடி மூன்றங்குல உடம்பை வைத்துக்கொண்டு சிரிக்காமல் நின்றேன். கடைசியில், எல்லோரும் சேர்ந்து வாங்கிய கைக்கடிகாரத்தை என் மணிக்கட்டில் கட்ட வந்தபோதுதான் கையை இழுத்துக்கொண்டேன். வேண்டாம் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, கூட்டம் அமைதியாகிவிட்டது.

கட்ட வந்தவர் எங்கள் விமான நிலையத்து ராடார் பிரிவின் புது இன்ஜினீயர். மறுநாள் வீடு தேடி வந்துவிட்டார். "முப்பது வருஷமா உங்க கையில வாட்ச் பார்த்ததே இல்லன்னாங்க சார். அதனாலதான் வாங்கினோம். ஏதாவது தப்பா?" என்று கேட்டார். தப்பு அவர்களுடையது அல்ல. போகும்போது ஆண்டு மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தரும்படியும் கேட்டார். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான் என்பதால் எழுத உட்கார்ந்தேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

ராடார் அறையைப் பார்த்திருக்கிறேன். விமானம் எங்கோ மேகத்துக்குள் இருக்கும்போதே திரையில் பச்சைப் புள்ளியாக வந்துவிடுகிறது. எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. புள்ளிக்குத் தயவு தாட்சணியம் கிடையாது. நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது அந்த வேலையை மனிதர்களின் காது செய்தது. மனிதர்களுக்குத் தயவு தாட்சணியம் உண்டு. வந்த வினையெல்லாம் அதனால்தான்.

ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்து, கொழும்பில் குண்டும் போட்ட வருஷம் அது. நம் பக்கம் வானத்தைப் பார்த்துத் தகவல் சொல்ல ஆள் எடுத்தார்கள். எனக்குச் சொந்த ஊர் தென்காசி. பள்ளி இறுதி முடித்து, கல்யாணமும் முடித்து, வேலை மட்டும் முடியாமல் இருந்தேன். டாக்டர் முதுகுக்குப் பின்னால் நின்று சட்டைப்பைக் கடிகாரத்தை ஒரு காதுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக விலகிப் போவார். டிக் டிக் கேட்கிற வரைக்கும் கை தூக்கி இருக்க வேண்டும். நான் அறைக்கு வெளியே வராந்தா வரைக்கும் கை தூக்கிக்கொண்டிருந்தேன். "போதும்யா, கையை இறக்கு" என்றார் டாக்டர். மூன்று வாரப் பயிற்சி. விமானங்களின் கறுப்பு நிழல் படம் போட்ட அட்டைகளை மேலிருந்து, பக்கத்திலிருந்து, எதிரிலிருந்து என்று மனப்பாடம் செய்ததுதான் பயிற்சி. அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

சாவடி குற்றாலத்துக்குச் சற்று முன்னால், சாலையை விட்டு விலகி ஒரு பாறை மேட்டில் இருந்தது. மேற்கே மலையும் அருவியும், கிழக்கே தென்காசிக் கோபுரம். ஓலைக் கூரை, ஒரு தொலைபேசி, ஒரு திசைப்பலகை. திசைப்பலகை என்பது வட்டமான பலகை. விளிம்பில் வடக்கைப் பூஜ்யமாக வைத்துச் சுற்றிலும் முந்நூற்று அறுபது டிகிரி. நடுவில் சுழலும் ஒரு முள். பகலில் இரண்டு பேர், இரவில் வேறு இரண்டு பேர். பகலில் நானும் தலைமைக் கண்காணிப்பாளர் ஞானமுத்து அண்ணாச்சியும்.

அண்ணாச்சி முந்தின யுத்தத்தில் மெசபடோமியாவில் இருந்தவர். ஐம்பதைத் தாண்டியவர். மனைவி இறந்து, இரண்டு பெண்களை வைத்துக்கொண்டிருந்தார். பிரியமாக இருந்தால் 'லே' போட்டுப் பேசுவார். கோபம் வந்துவிட்டால் 'மிஸ்டர் சண்முகவேலு' ஆகிவிடுவேன். சாவடியில் வெற்றிலை போடக்கூடாது என்பது அவருடைய முதல் சட்டம். திருநெல்வேலி ஜில்லாவில் இப்படி ஒரு சட்டம் போட நெஞ்சழுத்தம் வேண்டும். "தாடை ஆடினா காதுக்குள்ள செக்கு ஆடுத மாதிரி இருக்கும்லே. அதுக்குள்ள எவன் வாரான், எவன் போறான்னு எப்படித் தெரியும்?" என்பார். அதே காரணத்துக்காக அவலோ முறுக்கோ கூடாது. தலைப்பாகை காதை மூடக்கூடாது. அருவியில் குளித்துவிட்டு வந்தவன் காதில் தண்ணீர் வற்ற ஒரு மணி நேரம் ஆகும், அதுவரை திசைப்பலகை பக்கம் வரக்கூடாது. இதையெல்லாம் கொட்டை எழுத்தில் எழுதித் தட்டியில் ஒட்டியிருந்தார்.

விமானம் கண்ணுக்குத் தெரிந்தால் வேலை சுலபம். எத்தனை, என்ன வகை, எங்கிருந்து எங்கே, எவ்வளவு உயரம் என்று ஒருவர் பார்த்துச் சொன்னால் போதும். மேகத்துக்குள் ஓசை மட்டும் கேட்டால் அறிக்கையின் தலைப்பில் 'ஒலி மட்டும்' என்று போட்டு, இருவரும் தனித்தனியே திசை எடுக்க வேண்டும். கண்ணை மூடி நின்று, ஓசை இரண்டு காதிலும் ஒரே அளவாகக் கேட்கும்வரை உடம்போடு திரும்ப வேண்டும். சமமாகக் கேட்கிற இடத்தில் மூக்கு எங்கே பார்க்கிறதோ அங்கே விமானம். போகப் போகத் திரும்பிக்கொண்டே இருந்து, ஓசை தேய்ந்து மறைகிற திசையை ஆளுக்கொரு சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைப்போம். ஒருவரை ஒருவர் பார்க்கக்கூடாது, பேசக்கூடாது. இரண்டு சீட்டும் பத்து டிகிரிக்குள் ஒத்துப்போனால் கட்டுப்பாட்டு அறை அதைக் கண்ணால் கண்ட சாட்சியாக எடுத்துக்கொள்ளும். ஒத்துப்போகாவிட்டால் சந்தேகம் என்று பதியும்.

அந்தக் காலத்து விமானங்களுக்குக் குரல் உண்டு. சண்டை விமானம் ஒற்றை ஆள் ஓட்டுவது. கேட்டுத் தலை நிமிர்வதற்குள் ஆய்க்குடியைத் தாண்டியிருக்கும், பின்னாலேயே அதன் சத்தம் அடித்துக்கொண்டு ஓடும். இரட்டை எஞ்சின் வேவு விமானம் அடுத்தடுத்த வீட்டில் இரண்டு உரல் இடிக்கிற மாதிரி விட்டு விட்டு முழங்கும். நான் சேர்ந்த புதிதில் ஒரு விடியற்காலை அப்படி ஒரு முழக்கத்தைக் கேட்டு, திசை எடுத்து, கட்டுப்பாட்டு அறையையே எழுப்பிவிட்டேன். கடைசியில் அது செங்கோட்டை ஏற்றத்தில் மூச்சு வாங்கிய கரி பஸ். பெட்ரோல் பஞ்சத்தில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு பஸ் ஓடிய காலம். "ஜப்பான்காரன் கரி போட்டுல்லா வாரான்!" என்று அண்ணாச்சி ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நாங்கள் பிரியம் வைத்திருந்தது ஒன்றின்மேல்தான். முந்தின யுத்தத்துச் சாயலில் செய்த பழைய வேவு விமானம். மேலொன்று கீழொன்றாகத் துணி போர்த்திய இறக்கைகள், நடுவில் கம்பிகள். முன்னால் ஓட்டுபவர், பின்னால் திறந்த குழியில் படம் பிடிப்பவர். கம்பியில் காற்று அறுபட்டு ஒரு கீச்சுக் குரல் எஞ்சின் ஓசைக்கு மேலே கேட்கும். தும்பி என்று பெயர் வைத்திருந்தோம். வாரம் இரண்டு முறை மலையாளக் கரையைப் படம் பிடித்துவிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியாகக் கிழக்கே இருந்த ஓடுதளத்துக்குத் திரும்பும். எங்கள் மேட்டுக்கு வந்ததும் தாழ்ந்து ஒரு வட்டம் போடும். பின்னால் இருப்பவர் எழுந்து நின்று கையை ஆட்டுவார். பஞ்சாபி என்று கேள்வி, பெயர் அப்போது தெரியாது. நான் துண்டை வீசுவேன். அண்ணாச்சி மட்டும் விறைத்து நின்று சல்யூட் வைப்பார்.

அண்ணாச்சியின் இடது காது செத்த காது என்பதை மார்கழி மாதம் கண்டுபிடித்தேன். அதுவரை எனக்கு ஒரே பெருமிதம்தான். இருவர் சீட்டும் எப்போதும் ஒத்துப்போகிறதே, நானும் அவர் அளவுக்குத் தேறிவிட்டேனே என்று. அவர் நாற்காலியை எப்போதும் இடது காது அருவிப் பக்கம் இருக்கும்படி வடக்குப் பார்த்துப் போடுவார். அருவி இரைச்சலை ஒரு காதில் தாங்கிக்கொண்டு மறு காதைத் தொழிலுக்கு வைக்கிறார், என்ன தந்திரம் என்று வியந்து நானும் அப்படியே உட்கார்ந்து பார்த்தேன். எனக்குத் தலைவலிதான் வந்தது. அப்புறம் ஒரு நாள் அவருக்கு இடப்பக்கம் பித்தளைச் செம்பைப் பாறையில் போட்டுவிட்டேன். கணீரென்று உருண்டது. அவர் அசையவில்லை.

குறும்பு யாரை விட்டது? அடுத்த 'ஒலி மட்டும்' வந்தபோது ஓசை கிழக்கே போக, நான் வேண்டுமென்றே வடக்கே மூக்கை நீட்டிக்கொண்டு நின்றேன். சீட்டில் மட்டும் கிழக்கு என்று எழுதினேன். கவிழ்த்ததைத் திருப்பிப் பார்த்தால் அவர் சீட்டில் வடக்கு இருந்தது. ஒருவரை ஒருவர் பார்க்கக்கூடாது என்று எழுதி ஒட்டியவர், இத்தனை நாளும் கடைக்கண்ணால் என் மூக்கைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

அவர் இரண்டு சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். நான் செய்ததும் புரிந்துவிட்டது, எனக்குத் தெரிந்துவிட்டதும் புரிந்துவிட்டது. நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"பாஸ்ரா பக்கத்துல ஷெல் விழுந்துதுலே. பக்கத்துல நின்னவன் போயிட்டான். எனக்குக் காதோட போச்சு."

"டாக்டர் எப்படி அண்ணாச்சி விட்டாரு?"

"கடிகாரத்தை இடது காதுக்குக் காட்டி, வலது காதைப் பொத்துன்னாரு. பொத்துன மாதிரி வச்சிருந்தேன்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "இந்த வேலை இல்லன்னா நான் வெறும் ஆளுலே. ரெண்டு பொட்டப்பிள்ளையள வச்சிருக்கேன். நாளைக்கு மாப்பிள்ள வீட்டுக்காரன் வந்தா, தகப்பன் கவர்மெண்ட்டுல இருக்காருன்னு சொல்லதுக்கு இது ஒண்ணுதான் இருக்கு. நீ யாருட்டயும் சொல்லிராத."

சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் திசை எடுத்ததும் காதைச் சொறிகிற பாவனையில் கையை அந்தப் பக்கமாகக் காட்டுவேன். அவரும் பார்த்து எழுதிக்கொள்வார். ஒற்றைக் காதுக்கு ஓசை கிடைக்கும், திசை கிடைக்காது. நான் இல்லாத வேளையில் அவருக்கென்று ஒரு முறை வைத்திருந்தார். வலது காதில் ஓசை வலுவாகக் கேட்கும்வரை திரும்பி, மூக்கு காட்டும் திசையோடு கால் வட்டம் கூட்டுவார். காற்றில்லாத வெட்டவெளியில் அது ஓரளவு சரியாகவே வரும். நானே சோதித்துப் பார்த்திருக்கிறேன். ஆகவே பெரிய பாவம் எதுவும் செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு நல்ல மனிதருக்குக் கை கொடுக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த ஆனியில் சீசன் தொடங்கியது. மலையை மேகம் மூடி, சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. அருவி இரைச்சல் பாறை மேட்டையே அதிர வைத்தது. புளியங்குடியிலிருந்து என் மாமனார் வீட்டார் குளிக்க வந்திருந்தார்கள். கல்யாணமான பிறகு அவர்கள் வந்த முதல் சீசன். மாப்பிள்ளை கூட வராவிட்டால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள். ரெண்டு மணி நேரம் போய் வரட்டுமா என்று அண்ணாச்சியிடம் தலையைச் சொறிந்தேன்.

"போயிட்டு வாலே. இந்த மேகத்துல எவன் பறக்கான்?"

எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குள் போனேன். தலையில் குற்றால அருவி விழும்போது உலகத்தில் வேறு ஓசையே கிடையாது. பக்கத்தில் நிற்பவன் கத்தினால் வாய் திறப்பதுதான் தெரியும். வராந்தா வரைக்கும் டிக் டிக் கேட்ட காதை நான் அங்கே கொண்டுபோய் வைத்திருந்த நேரத்தில், தும்பி எங்கள் மேட்டுக்கு மேலே மேகத்துக்குள் மூன்று வட்டம் போட்டிருக்கிறது. இறங்க வழி தேடியிருக்கும். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மச்சினன் முதுகு தேய்த்துவிட்டான். சந்தோஷமாக இருந்தேன், அதையும் எழுதிவிட வேண்டும்.

திரும்பி வந்தபோது அண்ணாச்சி தொலைபேசியை வைத்துவிட்டு எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"நம்ம தும்பி வந்துது. கீச்சுன்னு அதே குரல். வடக்க போயிட்டுது, கடையநல்லூர்ப் பக்கம். இருபது டிகிரின்னு சொல்லியாச்சு. ரெண்டு பேரும் எடுத்தாச்சான்னு கேட்டான், ஆமான்னுட்டேன். நீயும் ஒரு சீட்டு எழுதிப் போட்டிரு."

காதில் தண்ணீர் நின்று அவர் குரலே கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. அவருடைய சட்டப்படி அடுத்த ஒரு மணி நேரத்துக்கு நான் திசைப்பலகையைத் தொடவே கூடாது.

"திசை உறுதிதானா அண்ணாச்சி? இந்த இரைச்சல்ல..."

"மிஸ்டர் சண்முகவேலு, நான் சர்வீஸ்ல இருந்தப்ப நீரு தொட்டில்ல கிடந்தீரு."

எழுதினேன். இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வரும் என்று நானாகவே ஐந்து கூட்டி இருபத்தைந்து என்று போட்டேன். அந்த ஐந்து டிகிரியை அவர் சொல்லவில்லை. அது என்னுடைய சொந்தச் சரக்கு.

மறுநாள் காலையில் ஜீப்பில் ஓர் ஆபீசர் வந்தார். மதராஸ்காரர், தமிழிலேயே பேசினார். விமானம் ஓடுதளத்துக்கு வந்து சேரவில்லை. கடைசியாகக் கேட்டது எங்கள் சாவடியில்தான். இரண்டு சீட்டையும் வாங்கி, வரைபடத்தில் வைத்து இரண்டு கோடு இழுத்தார். இரண்டும் கடையநல்லூருக்கும் புளியங்குடிக்கும் பின்னால் உள்ள மலையைத் தொட்டுக்கொண்டு போயின.

"ரெண்டு பேரும் தனித்தனியா எடுத்ததுதானே?"

"ஆமா சார்" என்றார் அண்ணாச்சி.

ஆபீசர் என்னைப் பார்த்தார். "ஆமா சார்" என்றேன். 

தேடுகிற ஆட்களை வடக்கு மலைக்கு அனுப்பினார்கள். மேகம் அடைத்திருந்ததால் அன்றும் மறுநாளும் ஆகாயத்திலிருந்து தேட முடியவில்லை. மறுநாள் சாயங்காலம், சாலையில் கரி பஸ்ஸுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த கண்டக்டர் என்னைக் கூப்பிட்டார். தினமும் கடையத்திலிருந்து வருகிறவர்.

"என்னவே, ஏரோப்பிளேனைக் காணோம்னு வடக்க தேடுதாவளாமே? முந்தாநாள் கடையத்து மேல ஒண்ணு கத்திக்கிட்டுப் போச்சேவே. வயல்ல நின்ன பொம்பளையெல்லாம் பயந்து ஓடினாளுவ. மலைக்குள்ள போயி சத்தம் அத்துப் போச்சுன்னு சொல்லுதாவ."

கடையம் எங்களுக்குத் தெற்கே. மேட்டில் ஏறி அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் எழுந்து, ஓசை கேட்ட இடத்தில் கண்ணை மூடி நின்று, மெல்லச் சுற்றிச் சுற்றித் திரும்பிப் பார்த்தார். மேற்கே அருவி இரைந்துகொண்டிருந்தது. எதிர்க் குன்றுப் பாறை அதை வாங்கித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. அவர் வலுவாகக் கேட்டது விமானத்தையா, பாறையில் பட்டுத் திரும்பியதையா என்று அவருக்கே தெரியவில்லை.

"சனங்க ஆயிரம் சொல்லும்லே" என்றார். குரலில் உயிரில்லை. "எழுதிக் குடுத்தாச்சு."

ஆபீசர் வந்ததிலிருந்து மூன்றாம் நாள் காலை வெளுத்து விடிந்தது. தேடும் விமானங்கள் எங்கள் தலைக்கு மேலே வடக்கே போயின. எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணாச்சி கீழே போயிருந்த நேரத்தில் தொலைபேசியை எடுத்து ஆபீசரைக் கூப்பிட்டேன். கடையத்துப் பக்கமும் சத்தம் கேட்டதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள் என்றேன்.

"ஊர்ப் பேச்சு இருக்கட்டும். உங்க சீட்டு தப்பா? அதைச் சொல்லுங்க. தப்புன்னா இந்த நிமிஷமே தெற்கே திருப்பறேன்."

ஒரு வார்த்தைதான். தப்பு என்று சொன்னால் நான் எங்கே இருந்தேன் என்று அடுத்த கேள்வி வரும். அண்ணாச்சியின் காது வரும். அவருடைய பெண்கள் வருவார்கள். என் வேலையும் வரும், அதை மறைப்பானேன்? கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்டது.

"சீட்டு சரிதான் சார்" என்றேன்.

அன்று முழுக்க வெயில் அடித்தது. தெற்கு மலை முழுவதும் ஒவ்வொரு பாறையாக எண்ணலாம்போல் தெளிவாக இருந்தது. நான் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான்காம் நாள் விடிந்ததும், கடையத்து மலையில் தேன் எடுக்கப் போனவர்கள் ஓடிவந்து சொன்னார்கள். ஆபீசர் எங்கள் இருவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். விமானத்தை அடையாளம் சொல்ல எங்களைவிட்டால் பக்கத்தில் ஆள் இல்லை. மலையடிவாரத்தில் ஒரு வாய்க்கால் கரையில் ஜீப் நின்றது. மேலே ஏறிப்போனவர்கள் மத்தியானம் இறங்கி வந்தார்கள். இரண்டு மூங்கில் படுக்கைகள். எங்கள் தும்பியின் இறக்கைத் துணியைக் கிழித்து ஒருவர்மேல் போர்த்தியிருந்தார்கள்.

ஓட்டியவர் இருந்த இடத்திலேயே இறந்திருக்கிறார். பின்னால் இருந்தவர் தூக்கி எறியப்பட்டு, தொடை முறிந்து, பக்கத்துப் பாறை வரைக்கும் ஊர்ந்திருக்கிறார். தோல் தொப்பியைக் கவிழ்த்துச் சாரல் தண்ணீர் பிடித்திருக்கிறார். பாராசூட்டின் வெள்ளைத் துணியைப் பாறைமேல் விரித்து, பறக்காமல் மூலைக்கொரு கல்லை வைத்திருக்கிறார். மேலேயிருந்து பார்த்தால் யாருக்கும் தெரிந்திருக்கும் என்று இறக்கி வந்தவர் சொன்னார். யாராவது மேலே வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆபீசருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எத்தனை நாள் உயிரோடு இருந்தார்? முதல் நாளோ இரண்டாம் நாளோ போயிருந்தால் யார் மேலும் குற்றமில்லை. மேகத்தில் யாரும் பறந்திருக்க முடியாது. மூன்றாம் நாள் அந்த வெயிலையும் பார்த்திருந்தால் கதையே வேறு. கூட வந்த டாக்டர் கையை விரித்தார். மலைக் குளிரிலும் ஈரத்திலும் கிடந்த உடம்பு, திட்டமாகச் சொல்வதற்கில்லை என்றார். இருவரும் படுக்கைகளுக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு குமாஸ்தா சாக்கை விரித்து, அவர்களிடம் இருந்த சாமான்களைப் பரப்பிப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். பேனா, பர்ஸ், குருமுகியில் எழுதிய ஒரு கடிதம். கடைசியில் பஞ்சாபியின் கைக்கடிகாரம், கண்ணாடிக்குள் ஈரம் படிந்து முள் மங்கலாகத்தான் தெரிந்தது. நித்தமும் சாவி கொடுக்க வேண்டிய வகை. கொடுக்காவிட்டால் ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள் ஓடும்.

"இது ஓடுதான்னு பாருங்க" என்று குமாஸ்தா அண்ணாச்சியிடம் நீட்டினார்.

அண்ணாச்சி வாங்கினார். வலது கையில் வாங்கினதை இடது கைக்கு மாற்றி, இடது காதில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். ஒரு நிமிஷம் அப்படியே நின்றார்.

"கேக்கல" என்றார். பிறகு என்னிடம் நீட்டினார். "நீ பாருலே. நின்னு போச்சுல்லா?"

நான் காதில் வைக்கவே வேண்டியிருக்கவில்லை. கைக்கு வந்ததுமே உள்ளங்கையில் தெரிந்தது. டிக் டிக் என்று, சின்னக் குருவியின் நெஞ்சு மாதிரி. முந்தின நாள் வெயில் அடித்துக்கொண்டிருந்தபோதோ அதற்கும் பிறகோ அந்த மனிதர் இதற்குச் சாவி கொடுத்திருக்கிறார். நாளைக்கும் மணி பார்க்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருக்கிறார். எங்களுக்குக் கை ஆட்டிய கை அது.

அண்ணாச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நின்னு போச்சு அண்ணாச்சி" என்றேன்.

'கைக்கடிகாரம் ஒன்று, ஓடவில்லை' என்று குமாஸ்தா எழுதிக்கொண்டார். கடிகாரத்தைத் துணியில் நானே சுற்றிக் கொடுத்தேன், இரண்டு சுற்றுக் கூடுதலாகவே. ஆபீசர் வந்து பட்டியலைப் படித்துப் பார்த்துவிட்டு, "அப்ப ரொம்ப கஷ்டப்பட்டிருக்க மாட்டான்" என்றார். அவருக்கும் அது ஆறுதலாக இருந்தது.

அடுத்த வாரம் அண்ணாச்சி, இடது காது கேட்கவில்லை என்று தானே எழுதிக் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டார். சீட்டைப் பற்றி எதுவும் எழுதவில்லை, அதில் என் பெயரும் இருந்தது. அவர் இடத்தில் என்னைத் தலைமைக் கண்காணிப்பாளராகப் போட்டார்கள். இரண்டு சீட்டுக்கும் இடையில் ஐந்து டிகிரிதான் வித்தியாசம், பயிற்சி திருப்தி என்று என் கோப்பில் ஒரு குறிப்பு ஏறியிருந்தது. காற்றுதான் ஓசையைத் திருப்பிவிட்டது என்று விசாரணை முடிந்தது. அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டுதான் யுத்தம் முடிந்த பிறகு விமான நிலைய வேலைக்கு வந்தேன். நீங்கள் மாலை போட்ட உத்தியோகத்தின் அஸ்திவாரம் அது.

அண்ணாச்சியின் மூத்த மகள் கல்யாணம் தென்காசியில் நடந்தது. நான் போயிருந்தேன். இலை போட்டு எதிரில் உட்கார்ந்து, நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். "பாயசம் விட்டுக்கலே" என்று மட்டும் சொன்னார். இரண்டு வருஷத்தில் போய்விட்டார்.

ஒரு வருஷம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை பார்த்தவன் நான். தொலைபேசியானாலும் சரி, ரகசியமானாலும் சரி, அவர் எதையும் வலது காதுக்குத்தான் கொண்டுபோவார். தூக்கத்தில்கூட வலது காதை மேலே வைத்துத்தான் படுப்பார். நல்ல காது ஒன்று அவருக்கு இருந்தது. கடிகாரத்தை அந்தப் பக்கம் கொண்டுபோக ஒரு சாண் தூரம்தான். போகவில்லை. கேட்காமல் இருப்பதற்கு அவரிடம் ஒரு காது இருந்தது. எனக்கு அதுவும் இல்லை.

இன்ஜினீயர் சார், உங்கள் கடிகாரம் நல்ல கடிகாரம்தான். கட்ட வந்தபோது அது ஓடுவது எனக்குக் கேட்டது, அதனால்தான் கையை இழுத்துக்கொண்டேன். அறிக்கையில் தவறு இருந்தால் எத்தனை வருஷம் ஆனாலும் திருத்தி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நம் இலாகாவின் முறை. என் பங்குக்கு இரண்டு திருத்தங்கள் இருக்கின்றன. சீட்டில் இருபத்தைந்து டிகிரி, வடக்கு என்று எழுதியிருக்கிறேன். அது தவறு, நான் எதையும் கேட்கவில்லை, விமானம் தெற்கே போயிற்று. பட்டியலில் கைக்கடிகாரம் ஒன்று, ஓடவில்லை என்று இருக்கிறது. ஓடிக்கொண்டிருந்தது.